யார் ஜெயிப்பார் என்று என்னிடம் கேட்காதீர்கள்

தேர்தலுக்குப் பந்தயம் கட்டுகிறவன் என்று தெரிந்ததும் ஆட்கள் கேட்கும் முதல் கேள்வி, யார் ஜெயிப்பார் என்பதுதான். லண்டனில் இருக்கிறேன், பிரிட்டிஷ் அரசியல், அமெரிக்க அரசியல் இரண்டையும் விடாமல் பார்க்கிறேன். ஆகவே எனக்கு ஏதோ உள்விஷயம் தெரியும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஒன்றும் தெரியாது. டிவி பார்ப்பவருக்குத் தெரிந்ததுதான் எனக்கும் தெரியும். நான் பார்ப்பது விலையை.

கத்தரிக்காய் நல்ல காயா என்பது ஒரு கேள்வி, கிலோ நூற்றிருபதுக்கு அதை வாங்கலாமா என்பது வேறு கேள்வி. பந்தயத்தில் இரண்டாவது கேள்விக்குத்தான் காசு. ஜெயிப்பவர்கள் மேலேயே கட்டிக்கொண்டிருந்தும் கையைச் சுட்டுக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒன்பது முறை கொஞ்சம் கொஞ்சமாக வந்ததைப் பத்தாவது முறை மொத்தமாகக் கொண்டுபோய்விடும்.

பிரிட்டனில் இது சட்டப்படி நடக்கும் தொழில். 18 வயது ஆகியிருக்க வேண்டும், நடத்துபவரிடம் சூதாட்டத்தைக் கண்காணிக்கும் கேம்ப்ளிங் கமிஷனின் உரிமம் இருக்க வேண்டும், வென்ற பணத்துக்கு நாம் வரி கட்ட வேண்டியதில்லை. அமெரிக்காவில் 2024 வரை நேர்மாறு. அயோவா பல்கலைக்கழகம் 1988 முதல் ஆராய்ச்சிக்காக, ஆளுக்கு 500 டாலர் வரம்பு வைத்து ஒரு சிறு சந்தை நடத்திவந்தது. மற்றபடி அங்கே பெரும்பாலும் தடைதான். 2024-ல், தேர்தலுக்குச் சில வாரங்களுக்கு முன்பு கால்ஷி என்ற நிறுவனம் நீதிமன்றத்தில் ஜெயித்த பிறகுதான் அதிபர் தேர்தலுக்கு வெளிப்படையாகப் பணம் கட்ட வழி பிறந்தது. அதற்கு முன்பெல்லாம் அமெரிக்கத் தேர்தலுக்கான பெரிய பணம் பிரிட்டிஷ் சந்தையில்தான் புரண்டது.

முதலில் கணக்கு. விலை 5/1 என்றால் ஒரு பவுண்ட் கட்டினால் ஐந்து பவுண்ட் லாபம், கட்டிய ஒன்றும் திரும்ப வரும். வாய்ப்பாக மாற்றினால் ஆறில் ஒன்று, சுமார் 17 சதவீதம். 1/4 என்றால் நாலு கட்டி ஒன்று சம்பாதிப்பது. அது 80 சதவீதம். எக்ஸ்சேஞ்ச் என்ற இன்னொரு வகைச் சந்தையில் (அதைப் பிறகு சொல்கிறேன்) விலை தசமத்தில் இருக்கும், கட்டிய பணமும் அதில் அடக்கம், ஒன்றை அந்த எண்ணால் வகுத்தால் போதும். 2.5 என்றால் 40 சதவீதம். விலையைப் பார்த்த மாத்திரத்தில் அது மனசில் சதவீதமாக மாறும் வரைக்கும் பணம் கட்ட வேண்டாம் என்று புதியவர்களிடம் சொல்வேன்.

அடுத்தது புக்கியின், அதாவது விலை சொல்லிப் பந்தயத்தை ஏற்பவரின் பங்கு. இரண்டே பேர், இருவருக்கும் சம வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். புக்கி இருவருக்கும் 5/6 போடுவார். ஒவ்வொன்றும் 54.5 சதவீதம், கூட்டினால் 109. அந்த ஒன்பதுதான் அவருக்கு. 'அடுத்த கட்சித் தலைவர் யார்' என்று இருபது பெயர் போட்டு வைத்திருக்கும் பந்தயங்களைக் கூட்டிப் பாருங்கள், தலை சுற்றும். எக்ஸ்சேஞ்சில் இந்தச் சுமை குறைவு. அங்கே கட்டுபவர்களே ஒருவருக்கொருவர் எதிராக நிற்கிறார்கள். நடத்துபவர் லாபத்தில் சிறு கமிஷன் எடுத்துக்கொள்வார். ஜெயிப்பார் என்று கட்டினால் 'பேக்', ஜெயிக்க மாட்டார் என்று கட்டினால் 'லே'. லே செய்யும்போது புக்கி நீங்கள்தான். 10 விலையில் பத்து பவுண்ட் லே செய்துவிட்டு அந்த ஆள் ஜெயித்துத் தொலைத்தால், கையிலிருந்து 90 பவுண்ட் போகும். முதல் தடவை லே செய்பவர்கள் இந்த 90-ஐப் பார்ப்பதே இல்லை, பத்து என்றே நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

சீட் எண்ணிக்கைக்கு 'ஸ்ப்ரெட்' என்றொரு வகை உண்டு: வாங்கிய எண்ணைவிட எத்தனை சீட் கூடுகிறதோ குறைகிறதோ, சீட்டுக்கு இவ்வளவு என்று அத்தனைக்கும் லாபமோ நஷ்டமோ. அதன் பக்கம் நான் போவதில்லை. 2017-ல் அப்போதைய பிரதமர் தெரசா மே பெரிய பெரும்பான்மை வாங்குவார் என்று நம்பி, கன்சர்வேட்டிவ் சீட்டுகளை 365 என்ற அளவில், சீட்டுக்குப் பத்து பவுண்டாக ஒருவர் வாங்கியிருந்தார் என்று வைப்போம். முடிவு 318. நாற்பத்தேழு சீட் குறைவு, 470 பவுண்ட் அவுட். கட்டிய தொகையோடு நஷ்டம் நிற்காத பந்தயம் அது.

இனி அக்ஸ்பிரிட்ஜ் கதை. விலை என்று நான் எதைச் சொல்கிறேன் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் என்னிடம் இல்லை.

நான் இருப்பது ஹாரோ பக்கம், அடுத்த பரோ, அதாவது லண்டனின் அடுத்த உள்ளாட்சிப் பகுதி, ஹிலிங்டன். அங்கேதான் முன்னாள் பிரதமர் போரிஸ் ஜான்சனின் தொகுதியாக இருந்த அக்ஸ்பிரிட்ஜ் அண்ட் சவுத் ரைஸ்லிப். 2023 ஜூனில் அவர் எம்.பி. பதவியை விட்டுப் போக, ஜூலை 20-ல் இடைத்தேர்தல். நாடு முழுக்கக் கருத்துக்கணிப்பில் லேபருக்குப் பெரிய முன்னிலை. போன முறை ஜான்சன் வென்ற வித்தியாசம் 7,210 தான். பேப்பர் எல்லாம் லேபர் வந்தாச்சு என்றே எழுதின. விலையும் அதையே சொன்னது: கன்சர்வேட்டிவ் ஜெயிக்க ஐந்தில் ஒரு பங்கு வாய்ப்புகூட இல்லை.

சவுத் ரைஸ்லிப்பில் நான் மீனும் முருங்கைக்காயும் வாங்கும் கடை ஒரு யாழ்ப்பாணத்து அண்ணனுடையது. விடியற்காலையில் தன் டீசல் வேனை எடுத்துக்கொண்டு சவுத்தால் பக்கம் மொத்த மார்க்கெட்டுக்குப் போய்ச் சரக்கு எடுத்து வருவார். வெண்டைக்காய்ப் பெட்டியைப் பிரித்து, முற்றியதை ஒடித்துப் பார்த்து ஒதுக்கிக்கொண்டிருந்தார். "அண்ணே, இங்க லேபர்தான்னு எல்லாரும் சொல்றாங்களே" என்றேன்.

"ஆர் சொன்னது? ஒவ்வொரு நாளும் வானுக்குப் பன்னிரண்டரைப் பவுண்ஸ் கட்டு எண்டு சொல்லுறவைக்கு ஆர் தம்பி போடுவினம்? இந்த நாட்டுக்கு வந்த நாளில இருந்து நான் லேபருக்குத்தான் போட்டனான். இந்த முறை போடமாட்டன்."

அவர் சொன்னது யூலெஸ் கட்டணம். பழைய டீசல் வண்டி, அதாவது யூரோ 6 என்ற மாசுத் தரம் இல்லாத வண்டி, லண்டனுக்குள் ஓடினால் ஒரு நாளைக்கு 12.50 பவுண்ட். லேபர் மேயர் சாதிக் கான் அதை ஆகஸ்ட் 29 முதல் வெளிப் பரோக்களுக்கும் நீட்டிக்கவிருந்தார். நாள் என்பது நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை. ராத்திரி ஷிப்ட்டுக்குப் பழைய காரில் போய்க் காலையில் திரும்புபவருக்கு இரண்டு நாள் கட்டணம். வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற, ஹிலிங்டன் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் பெண், மாதத்துக்கு எவ்வளவு வரும் என்பதை வாய்க்கணக்காகவே சொன்னார். அவர் அந்தக் கணக்கை ஏற்கெனவே பல தடவை போட்டிருக்கிறார் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

கடைப்பேச்சை மட்டும் நம்பி நான் பணம் கட்ட மாட்டேன். இரண்டு விஷயம் கூடச் சேர்ந்தது. ஒன்று, வீட்டுக்கு வீடு விழுந்த கன்சர்வேட்டிவ் துண்டறிக்கைகளில் யூலெஸ்ஸைத் தவிர வேறு பேச்சே இல்லை. இரண்டு, லேபர் வேட்பாளர் டேனி பீல்ஸே, இந்த நீட்டிப்புக்கு இது சரியான நேரமில்லை என்று பகிரங்கமாகச் சொன்னார். தன் கட்சி மேயரின் திட்டத்தையே ஒரு வேட்பாளர் தள்ளிவைக்கச் சொல்கிறார் என்றால், வாசற்படியில் அவர் வாங்கும் ஏச்சு எப்படி இருக்கும்! இத்தனைக்குப் பிறகும் லேபர்தான் ஜெயிக்கும் என்று நினைத்தேன். ஆனால் கன்சர்வேட்டிவுக்கு ஐந்தில் ஒன்றுக்கும் கீழே என்ற விலை தப்பு, மூன்றில் ஒன்று என்பதே சரி என்று எனக்குப் பட்டது. தோற்கும் என்று நான் நினைத்த கட்சி மேல் கட்டினேன்.

மறு எண்ணிக்கை எல்லாம் முடிந்து முடிவு வந்தது: கன்சர்வேட்டிவ் 13,965, லேபர் 13,470. வித்தியாசம் 495. அந்த 495 அந்தப் பக்கம் விழுந்திருந்தாலும் அதே விலைக்கு அதே பந்தயத்தை மறுபடி கட்டுவேன். அதே இரவில் வடக்கே செல்பி தொகுதியில் 20,137 வாக்கு வித்தியாசத்தைத் தாண்டி லேபர் ஜெயித்தது. நாட்டு அலை நிஜம்தான். ஒரு தொகுதியின் பன்னிரண்டரைப் பவுண்டும் நிஜம்தான். 2024 பொதுத் தேர்தலில் இதே அக்ஸ்பிரிட்ஜை அதே டேனி பீல்ஸ் 587 வாக்கில் பிடித்தார். அதற்குள் கட்டணம் பழகிவிட்டிருந்தது, பலர் வண்டியையே மாற்றியிருந்தார்கள்.

உள்ளூர்ப் பந்தயங்களில் இன்னொரு சங்கடமும் உண்டு: பெரிய தொகை கட்ட விட மாட்டார்கள். ஒரு கம்பெனியில் நான் இருபது பவுண்ட் என்று அடித்தால், மூன்று பவுண்ட் சொச்சம்தான் ஏற்போம் என்று திரை சொல்லும். தொடர்ந்து நல்ல விலையாகப் பொறுக்குகிறவன் என்று கண்டுபிடித்துவிட்டால் கணக்கையே சுருக்கிவிடுவார்கள். இதை வைத்துப் பிழைக்கலாம் என்று கனவு காண்பவர்கள் இந்த மூன்று பவுண்டை நினைத்துக்கொள்ள வேண்டும்.

தேர்தல் இரவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், நிறையப் பேர் பணத்தை விடுவது அப்போதுதான்.

பிரிட்டிஷ் பொதுத் தேர்தலில் இரவு பத்து மணிக்கு வாக்குப்பதிவு முடிந்ததும் பிபிசி, ஐடிவி, ஸ்கை மூன்றும் சேர்ந்து நடத்தும் எக்ஸிட் போல் வரும். அதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 2019-ல் கன்சர்வேட்டிவுக்கு 368 சீட் என்றது, வந்தது 365. 2017-ல் 314 என்றது, வந்தது 318. 2024-ல் லேபருக்கு 410 என்றது, வந்தது 411. முடிந்தவரை போன தேர்தலில் நின்ற அதே வாக்குச்சாவடிகளிலேயே நின்று, மக்கள் எவ்வளவு மாறியிருக்கிறார்கள் என்று பார்ப்பதுதான் அதன் சூட்சுமம். பத்து மணி அடித்து ஒரு நிமிஷத்துக்குள் எக்ஸ்சேஞ்சில் விலை மாறிவிடும். நாம் போனைத் திறப்பதற்குள் வேலை முடிந்திருக்கும். ஆகவே, பத்து மணிக்கு எதையும் துரத்தாதீர்கள். அது சின்னக் கட்சிகளிடமும் தனித்தொகுதிகளிலும் சறுக்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். 2024-ல் ரிஃபார்ம் கட்சிக்கு 13 சீட் என்றது, கிடைத்தது 5.

2016 ஜூன் 23 பிரெக்ஸிட் வாக்கெடுப்பில் எக்ஸிட் போலே இல்லை. ஒப்பிட முந்தைய வாக்கெடுப்பு எதுவும் கிட்டத்தில் இல்லாததால் அந்த முறை அங்கே செல்லாது. அந்த வெற்றிடத்தை வதந்தி நிரப்பியது. பத்து மணிக்கு யூகவ் கருத்துக்கணிப்பு 'ரிமெய்ன்' (ஐரோப்பிய ஒன்றியத்தில் நீடிப்பது) 52, 'லீவ்' (விலகுவது) 48 என்றது. லீவ் பக்கம் நின்ற நைஜல் ஃபராஜே ரிமெய்ன் ஜெயித்துவிடும் போலிருக்கிறது என்றார். பவுண்ட் ஒன்றரை டாலரைத் தொட்டது. ரிமெய்னுக்குச் சந்தையில் 85 சதவீதத்துக்கும் மேல். அந்த இரவு நான் பணம் எதுவும் கட்டவில்லை, விலையை மட்டும் பார்த்துக்கொண்டு டீ மேல் டீ குடித்துக்கொண்டிருந்தேன். நள்ளிரவையொட்டி நியூகாசில் ஊரின் முடிவு: ரிமெய்ன் 50.7 சதவீதம். அங்கே அது சுலபமாக ஜெயித்திருக்க வேண்டும். சில நிமிஷத்தில் சண்டர்லேண்ட்: லீவ் 61.3. லீவ் ஜெயிக்கும் ஊர்தான், ஆனால் இவ்வளவு இல்லை. அப்போதும் ரிமெய்னுக்கே விலை சாதகமாக இருந்தது. லண்டன் இன்னும் வரவில்லையே என்று நிறையப் பேர் காத்திருந்தார்கள். விடிந்தபோது 51.9-க்கு 48.1, லீவ்.

அன்றைக்குக் கவனமாக இருந்தவர்களின் கையில் ஒரு பட்டியல் இருந்தது. நாடு சரிபாதியாகப் பிரிந்தால் எந்த ஊரில் எத்தனை சதவீதம் வரும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்ட பட்டியல். முதல் இரண்டு ஊர் வந்ததுமே அவர்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அன்றிலிருந்து எந்தத் தேர்தல் இரவுக்கும் நான் அப்படியொரு தாள் இல்லாமல் உட்காருவதில்லை. 2024 அமெரிக்கத் தேர்தலுக்கு என் தாளில் மேலே இருந்தது வர்ஜீனியாவின் லௌடன் கவுண்டி. வாஷிங்டனை ஒட்டிய, படித்த, வசதியான இடம். சீக்கிரம் எண்ணி முடிக்கும். அங்கே கமலா ஹாரிஸ் ஜெயித்தார், ஆனால் 2020-ல் பைடன் வாங்கியதைவிடத் தெளிவாகக் குறைவு. பென்சில்வேனியா வருவதற்கு வெகு நேரம் முன்பே காற்று எந்தப் பக்கம் என்று தெரிந்தது.

இந்தத் தாள் உங்களைத் தவறான பக்கம் இழுத்துப் போகவும் செய்யும். 2020-ல் அதைத்தான் பார்த்தோம். அன்றிரவு முதலில் அதிர்ச்சி கொடுத்தது ஃபுளோரிடாவின் மயாமி-டேட். 2016-ல் ஹிலாரி அங்கே ஏறக்குறைய 30 புள்ளி முன்னிலை. பைடனுக்கு 7 தான். சந்தை பதறிப்போய் டிரம்ப் பக்கம் சாய்ந்தது, சில மணி நேரம் அவர்தான் தெளிவான ஃபேவரிட். ஆனால் மயாமியின் கியூப வம்சாவளி வாக்காளருக்கும் விஸ்கான்சினின் வெள்ளைக்காரத் தொழிலாளிக்கும் என்ன சம்பந்தம்? அதோடு எண்ணும் வரிசை என்று ஒன்று இருக்கிறது. பென்சில்வேனியா, விஸ்கான்சின் இரண்டிலும் சட்டப்படி தேர்தல் நாளுக்கு முன் தபால் உறைகளைப் பிரித்துத் தயார் செய்யவே முடியாது. டிரம்ப் தன் ஆட்களைத் தபால் வாக்கு வேண்டாம் என்று சொல்லியிருந்தார். ஆகவே முதலில் எண்ணும் நேரடி வாக்கில் டிரம்ப் முன்னால், பிறகு வரும் தபால் வாக்கில் பைடன் மேலே ஏறுவார். இது ரகசியமே இல்லை, வாரக்கணக்கில் எழுதிக்கொண்டிருந்தார்கள். இருந்தும் ராத்திரி மூன்று மணிக்கு நீல, சிவப்பு வரைபடத்தைப் பார்க்கும்போது படித்ததெல்லாம் மறந்துவிடுகிறது. விஸ்கான்சினின் மில்வாக்கி நகரத் தபால் வாக்குகள் ஒரே கட்டாக வந்து சேர்ந்தபோது இங்கே காலை ஆகிவிட்டது. தூங்கி எழுந்தவர்கள் சாவகாசமாக நல்ல விலைக்கு வாங்கினார்கள். எந்த மாநிலம் எந்த வரிசையில் எண்ணும் என்று நாலு வரி எழுதி வைத்துக்கொள்வது ஆயிரம் கருத்துக்கணிப்புக்குச் சமம்.

கமலா ஹாரிஸ் விஷயத்துக்கு வருகிறேன், அது நம் ஆட்களின் பலவீனம்.

அவருடைய தாத்தா பி.வி.கோபாலன் மன்னார்குடி பக்கம் துளசேந்திரபுரத்துக்காரர். 2020-லும் 2024-லும் அந்த ஊர்க் கோயிலில் அவருக்காகப் பூஜை நடந்தது. 2024 ஜூலை 21-ல் பைடன் விலகியதும் எங்கள் குடும்பக் குழுவில் கமலா எங்கள் வீட்டுப் பெண்ணே ஆகிவிட்டார். தேர்தலுக்கு மூன்று நாள் முன்பு அயோவாவில் பேர்பெற்ற கணிப்பாளர் ஆன் செல்சரின் சர்வே, டிரம்ப்பின் கோட்டையான அங்கே ஹாரிஸ் 3 புள்ளி முன்னால் என்றது. சந்தையில் டிரம்ப்பின் விலை சட்டென்று தளர்ந்தது. குழுவில் கொண்டாட்டம். சித்தப்பா மகன் சென்னையிலிருந்து போனிலேயே வந்துவிட்டான். "டேய், என் பேர்ல ஒரு பத்தாயிரம் அவ மேல போடுறா."

போட மாட்டேன் என்றேன். அடுத்தவர் பணத்தை என் கணக்கில் கட்டுவது விதிமீறல், கண்டுபிடித்தால் கணக்கைப் பூட்டுவார்கள். தமிழ்நாட்டிலோ இணையச் சூதாட்டத்தைத் தடை செய்யும் சட்டமே இருக்கிறது. விபிஎன் போட்டு வெளிநாட்டுத் தளத்துக்குள் நுழைகிறேன் என்பவர்களுக்கும் இதே பதில்தான்: ஜெயித்தால்கூடப் பணத்தை வெளியே எடுக்கும்போது அடையாளச் சான்று கேட்பார்கள், அங்கேயே மாட்டிக்கொள்வீர்கள்.

அதற்குப் பதில் குழுவில் பைசா செலவில்லாத ஒரு விளையாட்டு வைத்தேன். ஒவ்வொருவரும் ஹாரிஸ், டிரம்ப் இருவருக்கும் எத்தனை சதவீதம் என்று எழுத வேண்டும். முடிவு வந்ததும், ஜெயித்தவருக்கு ஒன்று (நூறு சதவீதம்) என்று வைத்து, அவருக்கு எழுதியது அதிலிருந்து எவ்வளவு குறைகிறதோ அந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கினால் மதிப்பெண், குறைந்தவர் முதல். ஹாரிஸுக்கு 80 எழுதியவனுக்கு 0.64. டிரம்ப்புக்கு 60 எழுதியவருக்கு 0.16. அந்த 60 எழுதியது என் அத்தை, தினம் விளக்கேற்றி கமலாவுக்காக வேண்டிக்கொண்டவர். ஏன் அத்தை இப்படி என்று கேட்டேன். "ஜெயிக்கணும்னு சாமிகிட்ட கேட்டேன். ஜெயிப்பாளான்னு நீ கேட்ட. ரெண்டும் ஒண்ணாடா?" என்றார். மாநிலவாரியாகக் கணக்கிடும் எலெக்டோரல் வாக்கில் டிரம்ப் 312, ஹாரிஸ் 226. அயோவாவில் டிரம்ப்புக்கு 13 புள்ளி முன்னிலை.

சந்தைதான் கெட்டிக்காரத்தனமானது என்று இதை வைத்து யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2016-ல் ஹிலாரிக்கு 80 சதவீதம் என்றது இதே சந்தைதான். பேடி பவர் என்ற பந்தயக் கம்பெனி தேர்தலுக்கு மூன்று வாரம் முன்பே ஹிலாரி ஜெயித்துவிட்டதாகச் சொல்லி அவர் மேல் கட்டியவர்களுக்குப் பணத்தையே கொடுத்துவிட்டது. 2024-ல்கூட, மொத்த வாக்கில் ஹாரிஸ்தான் முன்னால் வருவார் என்று சந்தை சொன்னது. வந்தது டிரம்ப் 49.8, ஹாரிஸ் 48.3.

கட்சித் தலைவர் போட்டிகளை நான் அதிகம் தொடுவதில்லை. 2024 அக்டோபர் 8, கன்சர்வேட்டிவ் எம்.பி.க்கள் வாக்கெடுப்பின் மூன்றாம் சுற்று. எங்கள் ஹாரோ கிழக்கு எம்.பி. பாப் பிளாக்மன்தான் முடிவை வாசிப்பவர். ஜேம்ஸ் கிளெவர்லி 39, ஜென்ரிக் 31, பேடனாக் 30, டுகெந்தாட் 20. டுகெந்தாட் அவுட். கிளெவர்லி ஒரே சுற்றில் 18 கூட்டியிருந்தார், உடனே ஃபேவரிட் ஆனார். மறுநாள் பேடனாக் 42, ஜென்ரிக் 41, கிளெவர்லி 37. ஃபேவரிட் வீட்டுக்குப் போனார்! கடைசி இருவர் போட்டியில் எதிராளியாக யார் வர வேண்டும் என்று அவருடைய ஆட்களே வாக்கை அங்கே இங்கே மாற்றிப் போட்டதில் கணக்குப் பிசகிவிட்டது என்றுதான் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். ரகசிய வாக்கு, மொத்தமே 120 பேர், அத்தனை பேரும் அரசியல்வாதிகள். இதற்கு விலை சொல்ல என்னால் முடியாது.

தெரிந்தவர் சொன்ன தகவலை வைத்துக் கட்டலாமா என்றும் கேட்கிறார்கள். 2024 மே 22-ல் மழையில் நனைந்துகொண்டே அப்போதைய பிரதமர் ரிஷி சுனக் ஜூலை 4 தேர்தல் என்று அறிவித்தார். இலையுதிர்காலத்தில்தான் வரும் என்று எல்லோரும் நினைத்திருந்ததால் ஜூலைக்கு நல்ல விலை கிடைத்துக்கொண்டிருந்தது. அறிவிப்புக்கு முந்தைய நாட்களில் அந்தச் சின்னச் சந்தையில் திடீரென்று பணம் விழுந்தது. விசாரணை வந்தது. 2025 ஏப்ரலில் கேம்ப்ளிங் கமிஷன் 15 பேர் மேல் 2005 சூதாட்டச் சட்டத்தின் 42-ம் பிரிவில், பந்தயத்தில் ஏமாற்றியதாக, குற்றச்சாட்டுப் பதிந்தது. கட்சி ஆபீஸிலோ கவுன்சிலிலோ வேலை பார்க்கும் நண்பர் காதைக் கடித்தால் அந்தப் பந்தயத்தைத் தொடவே கூடாது. யாரும் சொல்லாமலே ஒரு சின்னச் சந்தையில் விலை காரணமில்லாமல் இறங்குகிறதா, எதிர்ப்பக்கம் நிற்காதீர்கள்.

பணத்தைப் பற்றி இரண்டே வரி. பந்தயத்துக்குத் தனி பேங்க் கணக்கு, அதில் வருஷ ஆரம்பத்தில் போடுவது மட்டும். தீர்ந்தால் அந்த வருஷம் வேடிக்கை பார்ப்பதோடு சரி. வாடகையைத் தொடுகிற நிலை வந்தால், பிரிட்டனில் இருப்பவர்கள் கேம்ஸ்டாப் என்ற சுயதடைத் திட்டத்தில் பெயரைப் பதிந்துகொள்ளலாம், உரிமம் பெற்ற எல்லா இணையத் தளங்களும் ஒரேயடியாகக் கதவைச் சாத்திவிடும். எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படித்தான் நிறுத்தினார்.

கடைசியாக, விதி. கட்டுவதற்கு முன் படிக்க வேண்டியது செட்டில்மென்ட் விதி, அதாவது எது எப்போது நடந்தால் பந்தயம் முடிந்ததாகப் பணம் தருவார்கள் என்பது. பாதிப் பேர் படிப்பதில்லை. 2020 நவம்பர் 7 சனிக்கிழமை எல்லா டிவிக்களும் பைடன் ஜெயித்தார் என்று அறிவித்துவிட்டன. நான் இருந்த எக்ஸ்சேஞ்சில் சந்தை மூடவே இல்லை. டிசம்பர் 14-ல் எலெக்டர்கள், அதாவது மாநிலங்களின் சார்பில் அதிபரைத் தேர்ந்தெடுப்பவர்கள், வாக்களிக்கும் வரை திறந்தே கிடந்தது. வழக்கு, மறு எண்ணிக்கை என்று டிரம்ப் தரப்பு பேசப் பேச அவர் மேல் பணம் வந்துகொண்டே இருந்தது, பைடனை 1.05 பக்கமெல்லாம் வாங்க முடிந்தது. வாசலில் கிடக்கும் காசு மாதிரி தெரிந்தாலும், அந்த வாரங்களில் பணம் உள்ளே மாட்டிக்கொள்ளும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். வேறு செலவுக்கு அது தேவைப்படாதவர்களுக்கு நல்ல விலை, மற்றவர்களுக்கு இல்லை.

'பிரதமர் எப்போது போவார்' வகைப் பந்தயம் இன்னும் மோசம். போரிஸ் ஜான்சன் விலகுகிறேன் என்றது 2022 ஜூலை 7, நம்பர் பத்தை, அதாவது பிரதமர் இல்லத்தை, விட்டுக் கிளம்பியது செப்டம்பர் 6. அறிவித்த நாளா, கிளம்பிய நாளா? ஒரு கம்பெனியில் ஒன்று, இன்னொரு கம்பெனியில் வேறொன்று. கட்சித் தலைமையை விடுவதும் பிரதமர் பதவியை விடுவதும் தனித்தனிச் சந்தையாகவும் இருக்கும், பெயர் மட்டும் ஒன்றுபோல் இருக்கும். இடைக்காலப் பிரதமராக வேறொருவர் உட்கார்ந்தால் 'அடுத்த பிரதமர்' என்று அவரைக் கணக்கெடுப்பார்களா என்பதும் விதியில்தான் இருக்கும். தெளிவாக இல்லை என்றால் கட்டுவதற்கு முன்பே சாட்டில் கேட்டு, பதிலைத் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விதிப் பக்கத்தையும் சேர்த்து எடுங்கள், நடுவில் மாற்றிவிட்டால் காட்டுவதற்கு ஆகும்.